மாராவிலிருந்து செரங்கெட்டிக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கென்யாவின் மாசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி ஆகிய இரண்டு வனவிலங்குப் பூங்காக்களையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைக்கிறோம். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. மாராவில் சுற்றும் ஜீப்பிலேயே அந்தப் பக்கம் போய்விடலாம் அல்லவா?

பதில்: போக முடியாது. இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிற பலரும் சறுக்குவது இங்கேதான். மாராவின் தெற்கு விளிம்பில் சாண்ட் ரிவர் கேட் இருக்கிறது, எதிர்ப்பக்கம் செரங்கெட்டியின் பொலொகோஞ்சா கேட். ஒரு காலத்தில் சஃபாரி வண்டிகள் இந்த வழியாகத்தான் போய்வந்தன. 1977-இல் கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பு உடைந்தபோது இரு நாடுகளுக்கும் இடையே எல்லை மூடப்பட்டது. 1983-இல் எல்லை மறுபடி திறந்தும் இந்த ஒரு வழி மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கவே இல்லை. வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தை தாண்டுகிற அதே இடத்தில் நமக்குக் குடியேற்றச் சாவடி கிடையாது, முத்திரை போட ஆள் கிடையாது.

ஆகவே மேற்கே சுற்றி இசெபானியாவுக்குப் போக வேண்டும். எல்லைக்கு அந்தப்புறம் அதே ஊருக்கு சிராரி என்று பெயர். அங்கிருந்து தாரிமே, முகுமு வழியாக இகோமா கேட்டுக்குள் நுழைந்தால் மத்திய செரங்கெட்டி. மாரா விடுதியில் விடிவதற்குள் கிளம்பினாலும் அந்த நாள் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். செரங்கெட்டி கேட் மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். எல்லையில் இரண்டு மணி நேரம் தாமதமானால் கேட்டுக்கு வெளியே இரவு தங்கும்படி ஆகலாம். அதனால் சாலை வழியாகப் போகும் நாளில் விலங்கு பார்க்கும் திட்டம் எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி: கென்யாவில் அமர்த்திய வண்டியும் ஓட்டுநரும் எல்லை தாண்டி வருவார்களா?

பதில்: வரமாட்டார்கள். கென்யப் பதிவெண் கொண்ட சஃபாரி வண்டிக்குத் தான்சானியப் பூங்காக்களில் அனுமதி இல்லை, தான்சானிய வண்டிக்கு இந்தப் பக்கமும் அப்படியே. கென்ய ஓட்டுநர் எல்லையில் இறக்கிவிடுவார், தான்சானிய ஓட்டுநர் ஏற்றிக்கொள்வார். ஒரே நிறுவனத்தில் பதிவு செய்தாலும் நடைமுறையில் இது இரண்டு பயணம். அதனால் சந்திக்கும் நேரம், தான்சானிய ஓட்டுநரின் பெயர், கைபேசி எண், வண்டி எண் நான்கையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

நேரத்தைப் பேசும்போது இன்னொரு கவனம் வேண்டும். இரு நாடுகளிலும் கடிகாரம் ஒன்றேதான். ஆனால் சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். காலை 7 மணி அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. 'சா நானே' என்று காதில் விழுந்தால் நானே என்பது எட்டு, ஆனால் நம் கணக்கில் அது பிற்பகல் 2 மணி. எந்தக் கணக்கு என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லையில் என்னென்ன காட்ட வேண்டும்? கிழக்கு ஆப்பிரிக்க விசா ஒன்றே போதும் என்கிறார்களே?

பதில்: போதாது. அந்தக் கூட்டு விசா கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கு மட்டும். தான்சானியா அதில் இல்லை. கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதி எடுக்க வேண்டும். தான்சானியாவுக்குத் தனி இ-விசா. இரண்டையும் அச்செடுத்தே கொண்டுபோங்கள். எல்லையில் இணையம் படுத்துக்கொள்ளும் நாளில் கைபேசித் திரையை நம்ப முடியாது.

இசெபானியாவில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். தான்சானியாவுக்குப் போகும்போது சிராரி பக்கக் கட்டடத்தில் முதலில் கென்யாவின் வெளியேறும் முத்திரை, அடுத்து தான்சானியாவின் நுழைவு முத்திரை. அவசரத்தில் முதல் முத்திரையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையில் போய் நிற்பவர்கள் உண்டு, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். கென்யா அந்த நோயுள்ள நாடுகள் பட்டியலில் இருப்பதால் அங்கிருந்து வருகிறவர்களிடம் தான்சானியா அதைக் கேட்கும். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொண்டால் பயனில்லை. மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் அதே தடவை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: விமானத்தில் போனால் நேரம் மிச்சமாகுமா?

பதில்: ஆகும். மாராவின் மண் ஓடுதளத்திலிருந்து சிறு விமானத்தில் மிகோரி, அங்கிருந்து சாலையில் இசெபானியா, எல்லை தாண்டித் தாரிமே ஓடுதளம், பிறகு வட செரங்கெட்டியின் கோகடெண்டே ஓடுதளம். காலையில் கிளம்பினால் பிற்பகலில் விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ சுமைதான் அனுமதி, கேமரா பையும் அதில் சேர்த்தி. மடங்கும் துணிப் பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் சாமான் அறைக்குள் நுழையாது.

கேள்வி: ஜூலை, ஆகஸ்டில் மந்தைகள் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க இரண்டு பூங்காவுக்கும் போவது அவசியமா?

பதில்: அவசியமில்லை. இதைப் பயண முகவர்கள் சொல்லமாட்டார்கள், அதனால் நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். மாரா ஆறு மாராவில் மட்டும் ஓடவில்லை, வட செரங்கெட்டிக்குள்ளும் ஓடுகிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை ஒரே மந்தைதான் மழையையும் புல்லையும் தேடி இங்கும் அங்கும் மாறிமாறிக் கடக்கிறது. கரையில் ஆயிரக்கணக்கில் கூடி நிற்கும், முன்னால் நிற்கும் நாலைந்து தண்ணீரை முகர்ந்து பார்க்கும், ஒரு வரிக்குதிரை மிரண்டால் மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிடும். மூன்று மணி நேரம் காத்திருந்தும் ஒன்றுகூட இறங்காத நாட்கள் உண்டு. கடப்பதைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒரே பூங்காவில் நாலைந்து இரவு தங்குங்கள். எல்லை தாண்டுவதில் போகிற நாளை ஆற்றங்கரையில் செலவிட்டால் வாய்ப்பு கூடும்.

இரண்டையும் பார்ப்பதில் அர்த்தம் உண்டு, ஆனால் காரணம் வேறு. மாரா சுமார் 1,510 சதுர கிலோமீட்டர், செரங்கெட்டி 14,763. மாராவில் குறைந்த தூரத்தில் நிறைய விலங்கு. செரங்கெட்டியில் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி, பாறைக்குன்றுகள், அவற்றின்மேல் படுத்திருக்கும் சிங்கங்கள். இந்த வித்தியாசம் வேண்டும் என்றால் மாராவில் 3 இரவு, செரங்கெட்டியில் 4 இரவு, கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் ஒன்று என வைத்து, நைரோபியில் இறங்கிக் கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து திரும்புங்கள். நைரோபிக்கே திரும்பினால் எல்லையில் இன்னொரு நாள் போய்விடும்.

பிப்ரவரியில் போகிறவர்கள் மாராவில் மந்தையை எதிர்பார்க்க வேண்டாம். அப்போது அவை தெற்கே, நுடுட்டு சமவெளியில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி: நுழைவுக் கட்டணம் எவ்வளவு? எங்கே பணம் வீணாகிறது?

பதில்: 2024 கட்டணப்படி, மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அது காலை 6 முதல் மாலை 6 வரையிலான 12 மணி நேரத்துக்கு மட்டும். பிற்பகல் 3 மணிக்கு உள்ளே போனாலும் முழுக் கட்டணம்தான். வந்திறங்கும் நாளில் பூங்காவுக்கு வெளியே தங்கி, மறுநாள் காலை 6 மணிக்கு நுழைவது நல்லது.

செரங்கெட்டியில் கணக்கு வேறு: அதே 2024 கட்டணப்படி 70 டாலருடன் 18% வரி சேர்ந்து 82.60 டாலர், நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். பிற்பகல் 2 மணிக்கு நுழைந்தவர் மறுநாள் 2 மணிக்குள் வெளியேற வேண்டும், தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம். பூங்காவுக்குள் தங்கினால் இரவுக் கட்டணம் தனி. வட தான்சானிய நகரமான அருஷா பக்கம் போகிறவர்கள் நாபி ஹில் கேட் வழியாகக் கோரோங்கோரோவைக் கடக்க வேண்டும். பள்ளத்தில் இறங்காமல் வெறுமனே கடந்து போனாலும் அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. முகவர் தரும் விலையில் இது அடங்குமா என்று கேளுங்கள்.

செலவுக்கான பணத்தில் ஒரு குழப்பம் வரும். இரு நாட்டிலும் நாணயத்தின் பெயர் ஷில்லிங். ஒரு கென்ய ஷில்லிங்குக்குக் கிட்டத்தட்ட 20 தான்சானிய ஷில்லிங். எல்லையில் நோட்டு மாற்ற வருகிறவர்களிடம் மாற்றவே வேண்டாம்.

கேள்வி: பையில் எதை வைக்கக் கூடாது?

பதில்: கடையில் தரும் பிளாஸ்டிக் பை. கென்யா 2017-லும் தான்சானியா 2019-லும் தடை செய்துவிட்டன. ட்ரோன் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். கரும் நீல, கறுப்பு உடைகளையும் விட்டுவிடுங்கள். செரங்கெட்டியின் மரக்காட்டுப் பகுதிகளில் செட்சி ஈ உண்டு, அந்த நிறங்களை நோக்கி வரும், மெல்லிய துணியின் மேலேயே கடிக்கும். மண் நிறத்தில் கொஞ்சம் கெட்டியான முழுக்கைச் சட்டை இரண்டு போதும்.