மாடித்தோட்டத்துக்கு நாட்டு விதையா, ஹைபிரிட் விதையா?

காயிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆடிப் பட்டத்திலும் விதைக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் நாட்டு விதைதான். ஹைபிரிட் என்பது இரண்டு வேறு ரகங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை. அதன் விதையும் முளைக்கும், ஆனால் ஒரு செடி உருண்டையாகவும் இன்னொன்று நீளமாகவும் காய்க்கலாம். (மரபணு மாற்றம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

தக்காளியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பேன். ஆண்டுதோறும் இலைச்சுருட்டை வைரஸ் தாக்குகிற இடமென்றால் அர்கா ரக்ஷக் போன்ற நோய் தாங்கும் ஹைபிரிட் நல்லது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளி ரகம் ஹைபிரிட் அல்ல. அதில் தாராளமாக விதை எடுக்கலாம். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, சாற்றோடு 2 நாள் புளிக்கவிட்டு, விதையின் வழவழப்பு போனதும் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பூசணியில் விதை எடுப்பதானால் பக்கத்து மாடியையும் எட்டிப் பாருங்கள். அங்கே வேறு ரகப் பூசணி பூத்திருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும்.