முதலாம் ஆண்டு விசையியலுக்கு 25,000 ரூபாப் பொதி தேவையா?

கேள்வி: என் மகன் உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் தமிழ் மொழிமூலம் படித்து, இவ்வருடம் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் பல்கலைக்கழகம் செல்கிறார். விரிவுரைகள் ஆங்கிலத்தில் என்கிறார்கள். முதலாம் ஆண்டு விசையியலுக்கான குறிப்புகள், வினா விடைகள், காணொளிகள் அடங்கிய பொதியொன்றை 25,000 ரூபாவுக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம். இத்தகைய பொதிகள் சிலவற்றை மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றையே பென் டிரைவில் ஏற்றி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். ஒன்றில், யாரோ ஒருவருடைய பழைய கொப்பியின் தேநீர்க் கறைகூட ஒவ்வொரு போட்டோப் பிரதியிலும் அப்படியே விழுந்திருந்தது.

உங்கள் மகனுக்குப் பாடம் புதிதல்ல. நிலையியல், இயக்கவியல் என்று அவர் ஏற்கெனவே செய்த கணக்குகளே பெரும்பாலும் மீண்டும் வரும். சுழற்சியும் கோண உந்தமும் மட்டும் சற்று ஆழமாகப் போகும். புதிதாக இருப்பது மொழிதான். பதின்மூன்று வருடங்கள் தமிழில் படிப்பித்துவிட்டு, முதல் விரிவுரையிலேயே ஆங்கிலத்துக்குத் தள்ளிவிடும் நம் ஏற்பாட்டைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசினாலும் எதுவும் மாறுவதில்லை. அந்த இடைவெளியில்தான் பொதிக்காரர் கடை போடுகிறார்.

ஒரு நூல் போதும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016 இல் வெளியிட்ட 'யுனிவர்சிட்டி பிஸிக்ஸ்' முதலாம் தொகுதியை இலவசமாகத் தரவிறக்கலாம். அதே நிறுவனத்தின் 'கொலேஜ் பிஸிக்ஸ்' நுண்கணிதம் இல்லாதது. பெயரைப் பார்த்து அதை எடுத்துவிட வேண்டாம். 'யுனிவர்சிட்டி பிஸிக்ஸ்' நூலில் 1, 3, 5 என ஒற்றை எண் இட்ட கணக்குகளுக்கு விடை இறுதியில் உண்டு. விளக்கம் கேட்க வேண்டுமானால், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் 8.01 என்ற எண்ணுடைய விசையியல் பாடநெறிக் காணொளிகள் இலவசம். மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் வேறு நூலின் முந்தைய பதிப்பொன்று மலிவாகக் கிடைத்தால் அதுவும் உதவும். நியூட்டனின் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை.

தமிழ்க் காணொளிகள் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பார்க்கலாம்; ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை என்பதால் ஒரு சொல்லில் மிகுந்த கவனம் தேவை. நாம் ஆர்முடுகல் என்பதை அவர்கள் முடுக்கம் என்பதால் எந்தக் கெடுதியும் இல்லை. 'நிறை' அப்படியல்ல. நம் பாடநூலில் திணிவு என்பது வேறு, அதன்மீது பூமி செலுத்தும் இழுவிசையான நிறை என்பது வேறு. தமிழ்நாட்டுப் பாடநூலிலோ நாம் திணிவு என்பதே நிறை. நாம் நிறை என்பதை அவர்கள் எடை என்பார்கள். கிடைத்தளத்தில் ஒரு குற்றி, 'நிறை 5' என்று காணொளியில் கேட்ட மாணவர் ஒருவர், நம் பழக்கப்படி அதை விசையாகவே எடுத்துக்கொண்டு, புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்காமல் விட்டுவிட்டார். தளம் குற்றியை மேல்நோக்கித் தள்ளும் விசையான செவ்வன் மறுதாக்கம் ஏறத்தாழ 50 நியூட்டன் வரவேண்டிய இடத்தில் 5 என்று எழுதியிருந்தார். அதனால் உராய்வும் பிழைத்தது, ஆர்முடுகலும் பிழைத்தது. கணக்கின் முறையோ முழுவதும் சரியாக இருந்தது. ஆகவே ஒரு கொப்பியில் ஆங்கிலச் சொல், நம் சொல், தமிழ்நாட்டுச் சொல் என மூன்று நிரல்கள் போட்டு, வாரம் பத்துச் சொற்களாக மகனே எழுதி வரட்டும். அந்தக் கொப்பியை எந்தப் பொதியும் தராது.

திரையில் வாசிப்பது கடினமென்றால், 'யுனிவர்சிட்டி பிஸிக்ஸ்' முதலாம் தொகுதியில் நியூட்டனின் விதிகள் பற்றிய 5 ஆம், 6 ஆம் அத்தியாயங்களை மட்டும் அருகிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்துக் கொடுங்கள். அந்த நூலை அச்சிட உரிமம் உண்டு. முழு நூலையும் இப்போதே அச்செடுக்கத் தேவையில்லை.