நேரலை நிருபரின் காதில் என்ன கேட்கிறது?

நேரலையில் பேசும் நிருபரின் இயர்பீஸில் என்ன ஓடுகிறது, அவர் குரலும் அதில் கேட்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இணைப்புக்கு ஐஎஃப்பி என்று பெயர். வழக்கமாக நிகழ்ச்சியின் ஒலி ஓடிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளர் பொத்தானை அழுத்திப் பேசினால் அது தணிந்து, அவர் குரல் கேட்கும். கையை எடுத்ததும் பழையபடி நிகழ்ச்சி.

ஆனால் நிருபரின் சொந்தக் குரல் அதில் வரவே கூடாது. நேரலை செயற்கைக்கோள் வழியாகப் போகிறது என்று வையுங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, சமிக்ஞை மேலே போய்க் கீழே வரவே கால் நொடி ஆகும். திரும்பும் வழியும் செயற்கைக்கோள் என்றால் அரை நொடி. பேசியது அவ்வளவு தாமதமாகக் காதில் விழுந்தால் எவ்வளவு தேர்ந்தவருக்கும் நாக்கு குழறும். அதனால் ஒவ்வொரு நிருபருக்கும் அவர் குரலை மட்டும் கழித்த தனிக் கலவை போகிறது. மிக்ஸ்-மைனஸ் என்பது இதுதான். மூன்று நிருபர்கள் என்றால் மூன்று கலவைகள்.

கேமராக்காரர் இடுப்பில் மாட்டும் பெல்ட்பேக் வேறு. அது இருவழிப் பேச்சு. கிளியர்-காம் என்ற நிறுவனத்தின் வகையில் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வயரின் இரண்டாம் முனையில் 30 வோல்ட் மின்சாரம், மூன்றாவதில் ஒலி. அப்புறம், பார்க்க மைக் வயர் மாதிரியே இருக்கும். தயவுசெய்து மிக்ஸரில் செருகிவிடாதீர்கள்.