ஹீரோ பெயரில் ஒரு நாய்: வாசகர் கேள்வி பதில்

? பையன் புதுக் குட்டிக்கு 'இந்தியானா' என்று பெயர் வைத்துவிட்டான். இந்தியானா ஜோன்ஸ் மாதிரி ஒரு ஹீரோ பெயரைப் போய் நாய்க்கு வைப்பதா என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.
வாசகி, தென்காசி

அது முதலில் நாயின் பெயர்தான் என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஹாலிவுட் படக் கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் எழுபதுகளில் ஓர் அலாஸ்கன் மாலமூட் வளர்த்தார், ஆளுயரத்துக்கு உட்காரும் சடை நாய், பெயர் இந்தியானா. அந்தப் பெயரை எடுத்து ஹீரோவுக்கு வைத்தார். முதலில் அவன் இந்தியானா ஸ்மித். படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க்குக்கு ஸ்மித் பிடிக்காமல் போக, ஜோன்ஸ் ஆகி 1981-ல் திரைக்கு வந்தான். அதே நாய் காரில் லூகாஸ் பக்கத்து சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வருமாம், அதைப் பார்த்துப் பிறந்தவன்தான் லூகாஸின் இன்னொரு படமான ஸ்டார் வார்ஸில் விண்கலத்தில் துணை விமானியாக வரும் அந்த ரோமக்கார செவ்பாக்கா. ஒரே நாய், இரண்டு பாத்திரங்கள்!

1989-ல் வந்த மூன்றாவது படத்தில் இதை அவர்களே போட்டு உடைத்தார்கள். பையனின் நிஜப் பெயர் ஹென்றி, இந்தியானா எங்கள் வீட்டு நாய் என்று அப்பாவாக வரும் ஷான் கானரி சொல்ல, கூட இருக்கும் நண்பர் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தக் காட்சியை உங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

? எங்கள் ராஜபாளையம் குட்டிக்கு வந்தியத்தேவன் என்று பெயர் வைத்தேன். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது.
வாசகர், கும்பகோணம்

நீங்கள் கூப்பிட்டு முடிப்பதற்குள் அது பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும். சுமார் 2,400 வருடங்களுக்கு முன்னால் கிரேக்கத்தில் செனபோன் என்பவர் வேட்டை நாய்களைப் பற்றி எழுதும்போதே, பெயர் சின்னதாக இருக்கட்டும், கூப்பிட வசதி என்று சொல்லிவிட்டு நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொடுத்திருக்கிறார். ஆன்மா, ஈட்டி என்றெல்லாம் பொருள் வரும் பெயர்கள், எல்லாமே குட்டி குட்டி. இன்றைக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: இரண்டு அசை போதும், 'வா', 'உட்கார்' மாதிரி நீங்கள் போடும் கட்டளைகளோடு பெயர் குழம்பக் கூடாது. சுருக்கி 'வந்தியா' என்று கூப்பிடலாமே என்பீர்கள். வராத நாயைப் பார்த்து 'வந்தியா, வந்தியா' என்று தெருவில் நின்று கத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இன்னொன்று, வந்தியத்தேவன் வெறும் கற்பனை இல்லை, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராகப் பெயர் வருகிறது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு அவரோடு விளையாடாதீர்கள்.

? ஒரு நாய் இனத்துக்கே கதாபாத்திரத்தின் பெயர் உண்டாமே?
வாசகர், ஈரோடு

உண்டு. டான்டி டின்மான்ட் டெரியர். கட்டைக் கால், நீள உடம்பு, தலையில் பஞ்சு மாதிரி குடுமி. டான்டி டின்மான்ட் என்பவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1815-ல் வெளியிட்ட நாவலில் வரும் விவசாயி. ஹீரோ என்று சொல்ல முடியாது, ஆனால் வாசகர்களுக்குப் பிடித்துப்போன ஆள். தன் டெரியர்கள் எல்லாவற்றுக்கும் மிளகு, கடுகு என்ற இரண்டே பெயர்களைத்தான் திருப்பித் திருப்பி வைப்பார். இன்றைக்கும் அந்த இனத்தில் அனுமதிக்கப்பட்ட நிறங்கள் மிளகு, கடுகு இரண்டுதான். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியே போதும்.

? ஹீரோ பெயரே வேண்டாம், மரியாதையாக ஒரு பெயர் சொல்லுங்கள்.
வாசகி, சேலம்

டாக்டராகவும் இருந்த எழுத்தாளர் செகாவ் தன் இரண்டு டாக்ஸ்ஹண்ட் நாய்களுக்கும் மருந்துப் பெயர்தான் வைத்தார்: புரோமின், குவினைன் (ரஷ்ய மொழியில் புரோம், ஹினா). மரியாதை வேண்டுமே என்று ரஷ்ய வழக்கப்படி அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாராம், புரோம் இசாயெவிச், ஹினா மார்கோவ்னா என்று. உங்கள் நாயின் அப்பா பெயர் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள், இனிஷியலோடு சேர்த்து யோசிப்போம்.