சம்பளப் பட்டியலும் செனட் சபையும்

(வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர், கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கருவூல அலுவலர்.)

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகனின் ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கான நடைமுறை 2025 அக்டோபரில் தடைபட்டது. அரசாங்கத்தையே மூடிவிட்டார்கள் என்றான். அதிபர் பதவியும் இரு சபைகளும் ஒரே கட்சியின் கையில் இருக்கும்போது இது எப்படி? – வாசகி, நீடாமங்கலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மார்ச் 31 இரவுகள்தான் நினைவுக்கு வந்தன. சார்நிலைக் கருவூலத்தில் அன்று விளக்கு அணையாது. பட்டியல் கட்டுகள் நாற்காலியில்கூடக் குவிந்திருக்கும். ஆனால், மறுநாள் அலுவலகத்தைத் திறக்கலாமா என்று நாங்கள் ஒருமுறைகூட யோசித்ததில்லை. பட்ஜெட் முழுமையாக நிறைவேறாத ஆண்டிலும், இடைக்காலச் செலவுக்கு அனுமதி தரும் முன்பண மானியக் கோரிக்கை நிறைவேறியிருக்கும்.

அமெரிக்காவில் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. காங்கிரஸ் என்ற அவர்களின் நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தைக் கஜானாவிலிருந்து எடுக்கக் கூடாது என்கிறது அவர்களின் அரசியலமைப்பு. இருந்தும் 1980 வரை, ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் இயங்கின. அந்த ஆண்டு அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி, அப்படி இயங்குவது சட்டப்படி தவறு என்று கருத்துரைத்தார். பூட்டுப் போடும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

2025இல் ஒதுக்கீட்டு மசோதா சிக்கியது மேலவையான செனட்டில்தான். அதன் 100 இடங்களில் அதிபரின் குடியரசுக் கட்சிக்கு 53 இருந்தன. பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே அங்கே 60 பேர் வேண்டும். மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி உறுதியாக நின்றது. அந்தத் தரப்பில் எட்டு செனட்டர்கள் சேர்ந்து வாக்களித்த பிறகே வழி பிறந்தது. அதற்குள் 43 நாட்கள் ஓடிவிட்டன.

நம் ஊரில் துறைகளுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை தோற்றால் ஆட்சியே கவிழும். அந்தப் பயத்திலேயே பணம் வந்துவிடும். அங்கே அதிபருக்கு நான்காண்டு நிலையான பதவிக்காலம். பணம் நின்றாலும் அவர் பதவிக்கு ஆபத்தில்லை. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் சம்பளமில்லாமல் பணிக்கு வந்தார்கள். நிலுவையைப் பின்னால் தர 2019இல் சட்டம் செய்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு தீபாவளிக்கு முன் சம்பளப் பட்டியல் இரண்டு நாள் தாமதமானபோது, ஒரு துப்புரவுப் பணியாளர் வெறும் துணிப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பையை நான் மறக்கவில்லை.

உங்கள் மகனுக்குத் தடைபட்டது பெரும்பாலும் தொழிலாளர் துறை தர வேண்டிய சான்றாக இருக்கும். அந்தப் பணி அக்டோபர் முடிவில் மீண்டும் தொடங்கிவிட்டது.

கேள்வி: கட்சி முடிவை மீறி வாக்களித்தால் அமெரிக்காவில் பதவி போகாதா? – கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

பதில்: போகாது தம்பி. நம்மிடம் 1985 முதல் கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவியை இழக்க நேரிடும். அங்கேயும் கொறடா உண்டு, ஆனால் பதவியைப் பறிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கக் குடியரசுக் கட்சி முயன்றபோது, அதே கட்சியின் ஜான் மெக்கெய்ன் நள்ளிரவுக்குப் பின் அவைக்குள் வந்து கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். மசோதா 49-51 என்று தோற்றது. அவர் இறக்கும்வரை செனட்டராகவே இருந்தார்.

காரணம், அங்கே சீட்டு கொடுப்பது கட்சித் தலைமை அல்ல. பிரைமரி என்ற உள்தேர்தலில் வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேர்காணலுக்காகச் சென்னைக்கு பஸ் ஏறிப் போய்க் கட்சி அலுவலக வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. பயப்படுவதென்றால் தன் ஊர்க்காரர்களுக்குத்தான் பயப்பட வேண்டும்.