காலுறையின் முனை ஏன் கூம்பிப் போகிறது?

கேள்வி: வட்டமாக 64 கண்ணிகளில் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களில்) காலுறை பின்னுகிறேன். விரல் பகுதியில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணிகளைக் குறைத்து, 16 கண்ணிகள் மிஞ்சும்போது இரு பக்கங்களையும் ஊசியால் இணைத்து முடிக்கிறேன். முனை கூம்பாக நீண்டு, விரல்களுக்கு அப்பால் தொளதொளவென்று நிற்கிறது. இணைத்த இடத்தின் இரு ஓரங்களிலும் காது போல் முளைத்தும் விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் கண்ணிகளைக் குறைப்பதால்தான் முனை கூம்பிப் போகிறது. உங்கள் முறைப்படி 48 கண்ணிகளைக் குறைக்க 24 சுற்றுகள் ஆகின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு 4 சுற்றுகள் விழும் பின்னலில் அது 6 செ.மீ. நீளம். விரல்களின் வரிசையோ பக்கவாட்டில் மெல்லச் சரிந்து, நுனியில் சட்டென்று வளைந்து முடிவது. ஆகவே 64 கண்ணிகள் 32 ஆகும் வரை இப்போது செய்வதுபோலவே ஒரு சுற்று விட்டுக் குறையுங்கள். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16-க்கு வாருங்கள். 20 சுற்றுகளில், அதாவது 5 செ.மீ.யில், முனை மழுங்கலாக முடிந்துவிடும். விரல்கள் ஏறக்குறைய ஒரே நீளமாக இருப்பவர்கள் 24 கண்ணிகளிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தொளதொளப்புக்கு, குறைப்பைத் தொடங்கும் இடமும் காரணமாக இருக்கக்கூடும். காலுறை சற்றே இழுபட்டுப் பொருந்த வேண்டும் என்பதால் அதன் நீளம் பாதத்தைவிட ஏறத்தாழ 1 செ.மீ. குறைவாக இருப்பது நல்லது; பாதம் 24 செ.மீ. என்றால் காலுறை 23 செ.மீ., அதில் முனைக்கு 5 செ.மீ. கழித்தால், குதிகாலின் பின்விளிம்பிலிருந்து 18 செ.மீ. ஆனதும் குறைக்கத் தொடங்க வேண்டும். காலில் மாட்டிப் பார்த்து, சுண்டுவிரல் மறைந்ததும் தொடங்குவோரும் உண்டு. மாட்டும்போது பின்னல் எவ்வளவு இழுபடுகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், எனக்கு அளவுநாடாவின் மேல்தான் நம்பிக்கை.

காது முளைப்பதற்குத் தீர்வு எளிது. இணைக்கும் முன், மேற்பக்கம் உள்ளங்கால் பக்கம் ஆகிய இரண்டிலும், இரு ஓரங்களின் கடைசிக் கண்ணியை அடுத்த கண்ணியின் மேலாக இழுத்து ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். பக்கத்துக்கு எட்டாக இருந்த கண்ணிகள் ஆறாகும், மூலைகள் உள்வாங்கிக்கொள்ளும். இணைக்கும் நூலை அவ்வப்போது சுண்டி இறுக்காமல், முழுவதும் தளர்வாக ஓட்டிவிட்டு, பிறகு ஒரு முனையிலிருந்து கண்ணி கண்ணியாக இழுத்து மற்றக் கண்ணிகளின் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.