ஜப்பானிய வாள்கலை: பள்ளி தேடுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: கெண்டோ, இயாய்டோ, கென்ஜுட்சு என்று மூன்று பெயர் அடிபடுகிறது. எதில் சேருவது?

ஷினாய் எனும் மூங்கில் வாளும் கவசமுமாக எதிராளியை நிஜமாகவே அடித்து ஆடுவது கெண்டோ. எதிரி இருப்பதாகப் பாவித்து, தனியாக வாளை உருவி, வெட்டி, மறுபடி உறையிலிடுவது இயாய்டோ. கென்ஜுட்சுவில் இருவர் மரவாளோடு எதிரெதிரே நின்று, கட்டா எனும் முன்பே வகுத்த அசைவுத் தொடர்களைச் செய்வார்கள். ஆட்சி பேரரசர் கைக்குத் திரும்பிய 1868 மெய்ஜி மாற்றத்துக்கு முந்தைய பள்ளிகளைக் கொரியூ என்பார்கள். கென்ஜுட்சு பெரும்பாலும் அங்கேதான். எது உசத்தி என்று பார்க்காதீர்கள். வாராவாரம் போய்வரக்கூடிய தூரத்தில் நல்ல ஆசிரியர் எதைக் கற்பிக்கிறாரோ, அதில் சேருங்கள்.

கே: வேலை நிமித்தம் இரண்டு ஆண்டு டோக்கியோவில் இருப்பேன். கொரியூ பள்ளியில் சேர என்ன வழி?

பெயர்பெற்ற பள்ளிகள் (பெயரில் வரும் 'ரியூ' என்றால் பள்ளி) பல இன்னும் சொந்த ஊரிலேயே வேரூன்றியிருக்கின்றன. ஜிகென்-ரியூவுக்குக் ககோஷிமா, யாக்யூ ஷின்ககே-ரியூவுக்கு நகோயா, மனிவா நென்-ரியூவுக்குக் குன்மாவின் தகாசாகி. கடோரி ஷிண்டோ-ரியூ, சிபாவிலுள்ள கடோரி ஆலயத்தை ஒட்டி வளர்ந்தது. ஓனோ-ஹா இத்தோ-ரியூவை டோக்கியோவிலேயே கற்கலாம். வேறு பள்ளிகள் சிலவற்றின் கிளைகளும் அங்கே உண்டு.

முதலில் நேரில் பாருங்கள். டோக்கியோவில் வழக்கமாகப் பிப்ரவரியில் நிப்பான் புடோகான் அரங்கிலும், நவம்பர் 3 அன்று மெய்ஜி ஆலயத்திலும் பல பள்ளிகள் ஒரே நாளில் செய்துகாட்டும். மனம் ஒட்டிய பள்ளியைக் குறித்துக்கொண்டு ஜப்பானிய மொழியில் சுருக்கமாகக் கடிதம் எழுதுங்கள்: யார் நீங்கள், எங்கே வசிக்கிறீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள், எந்தக் கிழமை வர முடியும். "சேர வேண்டும்" என்று தொடங்காமல், பயிற்சியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். இதற்குக் கெங்காகு என்று பெயர். தெரிந்த ஒருவரின் அறிமுகக் கடிதம் இருந்தால் காரியம் சுலபம். அனுமதி கிடைத்தால் பத்து நிமிடம் முன்பே போய், காட்டிய இடத்தில் அமர்ந்து, பயிற்சி முடியும்வரை இருங்கள். கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது. பாதியில் எழுந்து போனவருக்கு மறு அழைப்பு வருவது அரிது. சேரும்போது சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், விளையாட்டுக் காப்பீடு மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரவலாக எடுக்கப்படும் காப்பீடு ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது. இடையில் சேர்ந்தாலும் மார்ச்சோடு முடிந்துவிடும்.

கே: போலிப் பள்ளியை எப்படி அடையாளம் காண்பது?

ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "யாரிடம் கற்றீர்கள், அவர் எங்கே இருக்கிறார், கற்பிக்க யார் அனுமதி தந்தார்கள்?" உண்மையான ஆசிரியர் ஒரே மூச்சில் பதில் சொல்வார். தன் குருவின் பெயரைச் சொல்ல மழுப்புகிறவர், தானே ஒரு பள்ளியின் சோகே (பரம்பரைத் தலைவர்) என்கிறவர், வார இறுதி முகாம் ஒன்றுக்கே கறுப்புப் பட்டை தருகிறவர், முதல் மாதமே கூரிய வாளால் பாய்ச்சுருள் வெட்டவிடுகிறவர் இவர்களிடம் போகவே வேண்டாம். கொரியூவில் பழைய முறை, கறுப்புப் பட்டைக்குரிய 'டான்' (dan) படிநிலைகள் அல்ல. மொகுரோகு, மென்க்யோ போன்ற சான்றுகள். அவை வர ஆண்டுகள் ஆகும்.

பயிற்சியையே உற்றுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பெரும்பாலான பள்ளிகளில் இருவர் கட்டாவில் மூத்தவரே தாக்கி, கடைசியில் தோற்கும் பக்கத்தை ஏற்பார். அவர் வாள் எதை நோக்கி வருகிறது என்று கவனியுங்கள். எதிரே நிற்பவர் விலகாவிட்டால் தலையில் படும்படி வந்தால் அது பயிற்சி. எதிராளியின் மரவாளைத் தட்டுவதற்கென்றே வாள் வந்தால் இருவருமே தூரம் கற்கவில்லை, வெறும் சத்தம்தான். பயிற்சிக்கு முன் மரவாளை விரலால் தடவி விரிசல், சிராய் பார்க்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். விரிசல் விட்ட வாள் உடைந்தால் துண்டு முகத்தில்தான் பாயும்.

கே: இப்போதே வாள் வாங்கிவிடலாமா?

வேண்டாம். பொதுவான மரவாள் சுமார் 101 சென்டிமீட்டர், ஆனால் பல கொரியூ பள்ளிகளுக்குத் தனி வடிவம் உண்டு. தடிமன், வளைவு, நீளம் எல்லாமே மாறும். இயாய்டோவுக்கான பயிற்சி வாளின் பெயர் இயாய்தோ. அதன் அலகு துத்தநாக-அலுமினியக் கலவையில் ஆனது, கூர் இருக்காது. 170 சென்டிமீட்டர் உயரக்காரருக்குப் பொதுவாக 2.4 ஷாகு, அதாவது ஏறக்குறைய 73 சென்டிமீட்டர் அலகு பொருந்தும். இருந்தாலும் ஆசிரியர் சொல்லும் அளவே முடிவு. அலகைப் பிடியோடு பிணைக்கும் மூங்கில் ஆணி மெகுகியை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால், வீசும்போது அலகு பிடியைவிட்டுக் கழன்று பறக்கும்.

வெளிநாட்டில் செய்த எஃகு வாளை ஜப்பானுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அதற்குப் பதிவுச் சான்று கிடைக்காது.

கே: வேலை இல்லாமல், கற்பதற்காக மட்டும் ஜப்பான் போக முடியுமா?

முடியும். கலாச்சார நடவடிக்கைகளுக்கான விசா இதற்கென்றே இருக்கிறது, ஆனால் உங்களை ஏற்றுக்கொண்ட ஆசிரியரோ அமைப்போ ஆவணம் தர வேண்டும். முன்பின் பார்க்காதவருக்கு யாரும் கையெழுத்திட மாட்டார்கள். ஆகவே முதலில் குறுகிய காலப் பயணமாகப் போய்ப் பழகுங்கள். இந்த விசாவில் சம்பாதிக்க முடியாது, முழுக் காலச் செலவுக்கும் கையிருப்பு காட்ட வேண்டும்.

கே: காணொளி பார்த்துக் கற்கலாமா?

வாளுக்கும் உடலுக்கும் உள்ள தூரத்தைத் திரை காட்டாது. தவறு பழகிவிட்டால் திருத்த மாதக்கணக்கில் ஆகும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவர்கள் அங்குள்ள கெண்டோ அமைப்புகளில் இயாய்டோ வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். ஒன்றும் அருகில் இல்லையென்றால், முழங்கால் தாங்கும் அளவுக்கு, மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் செய்சா அமர்வை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகுங்கள். பின்னால் பல இயாய்டோ கட்டாக்கள் அங்கிருந்துதான் தொடங்கும்.